சோசியாலஜி படிக்கப் போறீங்களா? சேர்றதுல இருந்து முதல் வேலை வரைக்கும் முழு வழிகாட்டி

சோசியாலஜி எடுக்கப் போறேன்னு சொன்ன உடனே எல்லார் வாயிலயும் வர்ற முதல் கேள்வி "அதைப் படிச்சுட்டு என்ன பண்ணுவ?" எனக்கும் அதே கேள்விதான் வந்துச்சு, அப்ப என்கிட்ட பதில் இல்ல, டிகிரி வாங்கின அன்னைக்கும் இல்ல, அப்புறம் ஒரு சர்வே கம்பெனியில கொஞ்ச வருஷம், இப்ப ஒரு ஆப் டீம்ல யூசர் ரிசர்ச்னு வந்து உக்காந்த பிறகுதான் ஓரளவுக்குப் புரிஞ்சுது. அந்தப் பதிலை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். இந்தப் படிப்புல உங்களுக்கு சம்பளம் வாங்கித் தரப்போறது தியரி பேப்பர் இல்ல, எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டு படிக்கிற மெத்தட்ஸ் பேப்பர்தான், அதாவது ஆராய்ச்சி எப்படிப் பண்றதுன்னு சொல்லித் தர்ற பேப்பர். கீழ இருக்கற படி எல்லாமே அதைச் சுத்தித்தான் போகும்.

படி 1: இது என்ன படிப்புன்னு தெரிஞ்சுக்கோங்க

பாதிப் பேர் இதை சோஷியல் ஒர்க்கோட குழப்பிக்கறாங்க, மீதிப் பேர் சைக்காலஜியோட. சோஷியல் ஒர்க்ங்கறது கஷ்டத்துல இருக்கற ஆளுக்கோ குடும்பத்துக்கோ நேரா போய் உதவற தொழில், நிறைய நாடுகள்ல அதுக்குத் தனி டிகிரியும் லைசென்சும் வேணும். சைக்காலஜி ஒரு ஆளோட மனசுக்குள்ள பார்க்கும். சோசியாலஜி அந்த ஆளைச் சுத்தி இருக்கற குடும்பம், வேலை, இனம், மதம், பணம், சட்டம், ஆணா பொண்ணாங்கறது எல்லாம் சேர்ந்து அவரை எப்படி நடக்க வைக்குதுன்னு பார்க்கும்.

சி. ரைட் மில்ஸ்னு ஒரு அமெரிக்க சோசியாலஜிஸ்ட் 1959ல இதுக்கு ஒரு உதாரணம் சொன்னார். ஒரு லட்சம் பேர் இருக்கற ஊர்ல ஒரே ஒரு ஆளுக்கு வேலை இல்லைன்னா அவரோட குணத்தையும் திறமையையும் பாருங்க, அது அவர் சொந்தப் பிரச்சனை. 5 கோடி தொழிலாளிங்க இருக்கற நாட்டுல 1.5 கோடி பேர் வேலை இல்லாம இருந்தா, ஒவ்வொருத்தர் குணத்தையும் நோண்டிக்கிட்டு இருந்தா விடை கிடைக்காது. கோளாறு வேற எங்கயோ இருக்கு. அந்த "வேற எங்கயோ"வைத் தேடறதுதான் இந்தப் படிப்பு.

சோசியாலஜிங்கற பேரைப் பரப்பினவர் பிரான்ஸ்காரர் ஆகஸ்ட் கோம்ட், 1838 வாக்குல. ஆனா இதை ஒரு ஆராய்ச்சித் துறையா நிக்க வச்சதுல பெரிய பங்கு எமில் துர்கைமுக்கு. 1897ல அவர் தற்கொலையைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். முழுக்க தனிமனுஷன் முடிவுன்னு தோணற ஒரு விஷயத்தோட விகிதம் ஒவ்வொரு நாட்லயும் வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு, கத்தோலிக்கரை விட புராட்டஸ்டன்ட்களுக்கு அதிகமா இருக்கு, இது எப்படின்னு கேட்டார். நல்ல கேள்வி. ஆனா அதை விட நல்ல கேள்வியைப் பின்னாடி வந்தவங்க கேட்டாங்க: அந்த எண்ணிக்கையை ரெஜிஸ்டர்ல எழுதினது யாரு? தற்கொலை பெரிய பாவம்னு நம்பற ஊர்ல ஒரு சாவை "விபத்து"ன்னு எழுதிடறதுக்கு வாய்ப்பு அதிகம் இல்லையா? இந்த ரெண்டாவது கேள்வியைப் படிக்கும்போது உங்களுக்கு உள்ள ஏதாவது சுருக்குன்னு பட்டுச்சுன்னா தாராளமா சேருங்க. "சரி, அதுக்கென்ன இப்போ"ன்னு தோணுச்சுன்னா இன்னொரு தடவை யோசிங்க, ஏன்னா மூணு நாலு வருஷமும் இப்படித்தான் போகும்.

படி 2: காலேஜ் பேரைப் பார்க்காதீங்க, சிலபஸைப் பாருங்க

ரேங்கிங் லிஸ்ட் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த டிபார்ட்மென்ட்டோட சிலபஸை டவுன்லோட் பண்ணி மூணு விஷயம் தேடுங்க. மெத்தட்ஸ் பேப்பர் எத்தனை கட்டாயம், அதுல புள்ளிவிவரம் ஒண்ணாவது இருக்கா. கடைசி வருஷம் சொந்தமா ஆராய்ச்சி பண்ணி டெசர்டேஷன் எழுத விடறாங்களா, இல்ல வெறும் பரீட்சைதானா. வெளிய ஒரு ஆபீஸ்லயோ என்ஜிஓலயோ கொஞ்ச மாசம் வேலை பார்க்க வழி இருக்கா. மூணும் இருந்தா பேர் தெரியாத காலேஜா இருந்தாலும் பரவாயில்ல. மூணும் இல்லாத பெரிய பேர் காலேஜ்ல சேர்ந்தா மெத்தட்ஸை நீங்களேதான் வெளிய கத்துக்கணும், அது முடியாத காரியம் இல்ல, ஆனா யாரும் பின்னாடி நின்னு துரத்த மாட்டாங்க.

கூட ஒரு சப்ஜெக்ட் எடுக்க முடியும்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸ், எகனாமிக்ஸ், பப்ளிக் ஹெல்த், கம்ப்யூட்டர் இதுல ஒண்ணு. இல்ல ஒரு மொழி. இன்னொரு தியரி சப்ஜெக்டை மேல மேல அடுக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன், தத்துவம் பிடிச்சவங்க கோச்சுக்கக் கூடாது.

படி 3: முதல் வருஷம், தியரியைப் படிக்கற விதம்

மார்க்ஸ், வெபர், துர்கைம்னு இந்தத் துறையோட முன்னோடிங்க மூணு பேரும் வரிசையா வருவாங்க. மொழிபெயர்ப்புல படிச்சா ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். முதல்ல இருந்து வரி வரியா படிச்சா தூக்கம்தான் வரும். நான் ரெண்டாவது வருஷம்தான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். எந்தக் கட்டுரையா இருந்தாலும் ஒரு பேப்பர்ல மூணு கேள்வி எழுதி வச்சுக்குவேன்: இவரு எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார், அதுக்கு என்ன காரணம் சொல்றார், எந்த ஆதாரம் வந்தா இவர் சொல்றது தப்புன்னு ஆகும். மூணாவதுக்குப் பல சமயம் பதிலே கிடைக்காது, பரீட்சைல அதையே விமர்சனமா எழுதினா மார்க் வரும்.

டு போய்ஸ்ங்கற கருப்பின அமெரிக்க சோசியாலஜிஸ்டை எப்படியாவது தேடிப் படிங்க, சில சிலபஸ்ல இன்னும் ஓரமாத்தான் வச்சிருக்காங்க. 1890கள்ல ஃபிலடெல்ஃபியாவோட செவன்த் வார்டுல இருந்த கருப்பின மக்கள் வீட்டுக்கெல்லாம் தானே ஏறி இறங்கி, ஆயிரக்கணக்கான பேர்கிட்ட பேசி, வேலை, வாடகை, படிப்பு, சாவுன்னு எல்லாத்தையும் அட்டவணை போட்டு 1899ல புத்தகமா கொண்டு வந்தார். சர்வே, மேப், பேட்டி எல்லாத்தையும் ஒரே ஆள் ஒரே ஆராய்ச்சில பண்ணினது இது. தியரியும் கள வேலையும் வேற வேற இல்லைங்கறது இவரைப் படிச்சாதான் உறைக்கும்.

படி 4: மெத்தட்ஸ். இங்கதான் நீங்க நேரம் போடணும்

முதல்ல சாம்பிளிங், அதாவது எல்லார்கிட்டயும் கேக்க முடியாதப்ப யார்கிட்ட கேக்கறதுன்னு தேர்ந்தெடுக்கறது. 1936 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி கார்டு அனுப்புச்சு, 20 லட்சத்துக்கு மேல பதில் வந்துச்சு, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ன லாண்டன்தான் ஜெயிப்பார்னு அடிச்சு சொன்னாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டுப் போனார். என்ன ஆச்சுன்னா, அட்ரஸ் எடுத்தது டெலிபோன் டைரக்டரி, கார் ரெஜிஸ்ட்ரேஷன் மாதிரி லிஸ்ட்ல இருந்து, அந்தப் பொருளாதார மந்த காலத்துல போனும் காரும் வச்சிருந்தது வசதியானவங்க, அதுலயும் பதில் போட்டது கோபத்துல இருந்தவங்க. அதே தேர்தல்ல ஜார்ஜ் காலப்னு ஒரு கருத்துக்கணிப்பாளர் அதை விட ரொம்ப ரொம்ப சின்ன சாம்பிள் வச்சு யார் ஜெயிப்பார்ங்கறதைச் சரியா சொன்னார். இன்னைக்கும் ஆபீஸ் மீட்டிங்ல "நம்ம ஆப்ல அம்பதாயிரம் பேர் ரேட்டிங் போட்டிருக்காங்க"ன்னு யாராவது பெருமையா சொல்லும்போது எனக்கு இந்தப் பத்திரிகைதான் ஞாபகம் வரும். எத்தனை பேர்ங்கறதை விட யார் அந்த லிஸ்ட்ல விட்டுப்போனாங்கன்னு கேக்கறதுக்குத்தான் நம்மளுக்கு காசு குடுக்கறாங்க.

அடுத்து, மக்கள் சொல்றதும் செய்யறதும் ஒண்ணு இல்ல. 1930களோட தொடக்கத்துல லாபியர்னு ஒரு அமெரிக்க சோசியாலஜிஸ்ட் ஒரு சீனத் தம்பதியோட அமெரிக்கா முழுக்க கார்ல சுத்தினார். அப்ப சீனர்கள் மேல அங்க வெறுப்பு அதிகம். 251 ஹோட்டல், சாப்பாட்டுக் கடைன்னு ஏறி இறங்கினதுல ஒரே ஒரு இடத்துலதான் உள்ள விட மாட்டோம்னு சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே இடங்களுக்கு "சீனர்களை உள்ள விடுவீங்களா"ன்னு லெட்டர் போட்டார், பதில் அனுப்பினவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல மாட்டோம்னு எழுதியிருந்தாங்க. 1934ல இது வெளிவந்துச்சு. லெட்டருக்கு பதில் போட்டதும் அன்னைக்கு வாசல்ல நின்னதும் ஒரே ஆள்தானான்னு கேட்டு இதையும் விமர்சனம் பண்ணினாங்க, அது நியாயமான கேள்விதான்.

மூணாவது, கேள்வி எழுதறது. இதுல என் கதையையே சொல்றேன். முதல் வேலைல நான் எழுதின ஒரு கேள்வி: "உங்க வேலைல சம்பளமும் மரியாதையும் திருப்தியா இருக்கா?" எழுதும்போது அழகா இருந்துச்சு. ஃபீல்டுக்குப் போன முதல் நாளே ஒரு அம்மா என்னைத் திருப்பிக் கேட்டாங்க, "எதுக்கு தம்பி பதில் சொல்லணும், சம்பளத்துக்கா மரியாதைக்கா? ஒண்ணு இருக்கு, ஒண்ணு இல்ல." அதுக்குள்ள முந்நூறு ஃபாரம் பிரிண்ட் ஆகி வெளிய போயாச்சு. ஒரே கேள்வில ரெண்டு கேள்வியைத் திணிக்கிறதுன்னு பாடத்துல முதல் அத்தியாயத்துலயே இருக்கும், நானும் படிச்சு மார்க் வாங்கினவன்தான். அதுக்கப்புறம் எந்தக் கேள்வியையும் அஞ்சு பேர்கிட்ட வாய் விட்டுப் படிச்சுக் காட்டாம நான் வெளிய விடறதில்ல. "திருப்தியா"ங்கறதையும் தூக்கிட்டேன், "போன மாசம் சம்பளம் எத்தனாம் தேதி கைக்கு வந்துச்சு"ன்னு கேட்டா ஆயிரம் விஷயம் வருது.

பேட்டி எடுக்கறதும் இப்படித்தான், பழகினாதான் வரும். ஒருத்தர் பேசி முடிச்சதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க. மனசுக்குள்ள ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அந்த மௌனத்தை நிரப்பறதுக்கு அவங்க சொல்ற ரெண்டாவது வாக்கியத்துலதான் பெரும்பாலும் சரக்கு இருக்கும். ஒரு மணி நேர ஆடியோவைக் கையால டைப் அடிக்க நாலு அஞ்சு மணி நேரம் ஆகும். இப்ப மெஷினே எழுதித் தருது, ஆனா முதல் ரெண்டு மூணை நீங்களே அடிங்க. நீங்க எங்கெல்லாம் அவங்க பேச்சை வெட்டினீங்கன்னு காதால கேக்கும்போது வர்ற வெக்கம் எந்த வாத்தியாரும் சொல்லித் தராத பாடம்.

சாஃப்ட்வேர்ல எக்செல் நல்லா தெரிஞ்சிருக்கணும், அதுக்கு மேல ஆர் (R) இல்ல பைத்தான்னு டேட்டாவை அலச உதவற புரோகிராமிங் மொழி ஏதாவது ஒண்ணு, ரெண்டும் இலவசம். காலேஜ்ல எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளிவிவர சாஃப்ட்வேரைச் சொல்லிக் குடுத்தா கத்துக்கோங்க, ஆனா அதோட நிக்காதீங்க, லைசென்ஸ் விலை பார்த்து நிறைய கம்பெனில வாங்கறது இல்ல. பேட்டிகளை வகைப்படுத்த என்விவோ, அட்லஸ் டிஐ மாதிரி இருக்கு, சின்ன ஆராய்ச்சிக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டே போதும். பழகறதுக்கு டேட்டா வேணும்னா 1981ல இருந்து பல நாடுகள்ல நடக்கற வேர்ல்ட் வேல்யூஸ் சர்வேயை அவங்க தளத்துல இலவசமா இறக்கிக்கலாம்.

படி 5: டெசர்டேஷன்தான் உங்க முதல் வேலை அனுபவம்

"சமூக ஊடகமும் இளைஞர்களும்"னு தலைப்பு வைக்காதீங்க, ப்ளீஸ். அது தலைப்பு இல்ல, கடல். "நைட் ஷிஃப்ட் போற நர்ஸ்கள் குடும்பத்தோட பேசற நேரத்தை எப்படி ஒதுக்கறாங்க"ன்னு சுருக்குங்க. பன்னெண்டு பேர்கிட்ட பேச முடியற தலைப்பா இருக்கணும், அந்தப் பன்னெண்டு பேர் யாருன்னு இன்னைக்கே உங்களால ஓரளவுக்கு சொல்ல முடியணும். எதிக்ஸ் கமிட்டி அனுமதி, எழுத்துல சம்மதம், பேர் மாத்தறது இதையெல்லாம் ஃபார்மாலிட்டின்னு நினைக்காதீங்க, அனுமதி வர வாரக்கணக்கா ஆகும், அதனால கோடை லீவுக்கு முன்னாடியே விண்ணப்பம் போட்டுடுங்க.

பேக்கப்பை மறக்காதீங்க. இந்திய சோசியாலஜிஸ்ட் எம். என். சீனிவாஸ் கதை தெரியுமா? மைசூர் பக்கத்துக் கிராமம் ஒண்ணுல 1948ல பண்ணின கள ஆய்வுக் குறிப்புகளை வருஷக்கணக்கா உக்காந்து ஒழுங்குபடுத்தி வச்சிருந்தார். 1970 ஏப்ரல்ல ஸ்டான்ஃபோர்டுல அவர் தங்கி எழுதிக்கிட்டிருந்த ஆராய்ச்சி மையத்துக்கு யாரோ தீ வச்சாங்க, அவர் அறையில இருந்த குறிப்பு எல்லாம் போச்சு, மூணு காப்பி இருந்துச்சு, மூணும் அதே அறையில. அவர் அசராம ஞாபகத்துல இருந்தே எழுதி 1976ல புத்தகமா கொண்டு வந்தார், அது கிளாசிக் ஆயிடுச்சு. நம்மளால அப்படி முடியாது. ஒரு காப்பி லேப்டாப்ல, ஒண்ணு வேற இடத்துல.

படி 6: சரி, என்ன வேலை?

வேலை விளம்பரத்துல "சோசியாலஜிஸ்ட் தேவை"ன்னு தேடினா ரொம்பக் கம்மியாத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் பல்கலைக்கழக வேலை. தேட வேண்டிய பேர்கள் வேற.

மார்க்கெட் ரிசர்ச்சும் கருத்துக்கணிப்பும் ரொம்ப இயல்பான வாசல். ஃபோகஸ் குரூப்னு சில பேரைச் சேர்த்து உக்கார வச்சு ஒரு விஷயத்தைப் பத்திப் பேச விட்டு இன்னைக்கு விளம்பரக் கம்பெனிங்க பண்றாங்களே, அதோட வேர் 1940கள்ல ராபர்ட் மெர்ட்டன்ங்கற அமெரிக்க சோசியாலஜிஸ்டும் கூட இருந்தவங்களும் ரேடியோ நிகழ்ச்சிகளுக்கு மக்கள் எப்படி ரியாக்ட் பண்றாங்கன்னு பார்க்க உருவாக்கின பேட்டி முறைல இருக்கு. அதனால அங்க போனா நம்ம வீட்டுக்குப் போன மாதிரிதான். தொடக்க சம்பளம் சுமார், டெட்லைன் கழுத்தைப் பிடிக்கும், ஆனா ரெண்டு வருஷத்துல கத்துக்கறது அதிகம்.

அதுல இருந்து யூஎக்ஸ் ரிசர்ச்சுக்கு, அதாவது நான் இப்ப பண்ற யூசர் ரிசர்ச்சுக்குத் தாவறது சுலபம். ஆப்பை ஜனங்க எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பார்த்து டிசைனருக்கும் இன்ஜினியருக்கும் சொல்ற வேலை. என் டீம்ல ஒரு ஃபாரத்துல பாதியிலேயே எல்லாரும் ஓடிடறாங்கன்னு பட்டனோட கலரை மாத்திக்கிட்டே இருந்தாங்க. எட்டுப் பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தா அந்த போன் வீட்ல மூணு பேருக்குப் பொது, ஓடிபி வரும்போது போன் இன்னொருத்தர் கைல இருக்கு. பட்டனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. "ஒரு போன், ஒரு ஆள்"னு நாங்க எடுத்துக்கிட்ட அனுமானம்தான் தப்பு. இந்தத் துறைல ஆள் எடுக்கறதும் ஆள் குறைக்கறதும் அலை மாதிரி வரும், அதையும் தெரிஞ்சுக்கிட்டே வாங்க.

என்ஜிஓ, சர்வதேச அமைப்புகள்ல "மானிட்டரிங் அண்ட் எவாலுவேஷன்"னு ஒரு பிரிவு இருக்கும், ஒரு திட்டம் நிஜமாவே வேலை செஞ்சுதான்னு அளக்கற வேலை. புள்ளிவிவரம் தெரிஞ்ச சோசியாலஜி ஆளுக்கு இங்க நல்ல மரியாதை. அரசாங்கம்னா புள்ளிவிவரத் துறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கொள்கை ஆய்வு, சிவில் சர்வீஸ் பரீட்சைகள். பப்ளிக் ஹெல்த்தையும் விட்டுடாதீங்க: 1995 ஜூலைல சிகாகோல வெயில் அலைல 700 பேருக்கு மேல செத்தப்ப, வெப்பநிலை மட்டும் காரணம் இல்ல, தனியா இருந்த வயசானவங்க, வெளிய வரவே பயப்படற மாதிரி காலியாப் போன தெருக்கள்னு எரிக் கிளினன்பெர்க் ஒரு சோசியாலஜிஸ்டா போய் காமிச்சார். டாக்டர் பார்க்காத பக்கம் அது.

ஹெச்ஆர்ல நிறைய பேர் போறாங்க, ஊழியர்கள் பத்தின டேட்டாவை அலசற பீப்பிள் அனலிட்டிக்ஸ் பக்கம்னா இன்னும் பொருந்தும். பத்திரிகை, டீச்சிங், நகரத் திட்டமிடல், சிறை மற்றும் சீர்திருத்தத் துறை இதுவும் உண்டு, சிலதுக்கு மேல ஒரு டிப்ளமோவோ டிரெயினிங்கோ வேணும். மார்ட்டின் லூதர் கிங் 1948ல வாங்கின பி.ஏ. சோசியாலஜிதான், மிஷெல் ஒபாமா பிரின்ஸ்டன்ல மேஜர் பண்ணினதும் அதேதான், வீட்ல வாக்குவாதம் வந்தா எடுத்து விடறதுக்கு வச்சுக்கோங்க.

படி 7: சிவியும் ஆள் தொடர்பும்

"சமூக ஏற்றத்தாழ்வு பத்தி ஆழமான புரிதல் உண்டு"ன்னு சிவில எழுதினா படிக்கறவருக்கு ஒண்ணும் புரியாது. "12 நர்ஸ்களை தலா 50 நிமிஷம் பேட்டி எடுத்து, 3 முக்கிய வடிவங்களைக் கண்டுபிடிச்சு, 2 பக்க ரிப்போர்ட்டா மருத்துவமனை நிர்வாகத்துக்குக் குடுத்தேன்"னு எழுதுங்க. அந்த ரெண்டு பக்க ரிப்போர்ட்டை நிஜமாவே எழுதி கைல வச்சுக்கோங்க, டெசர்டேஷனைச் சுருக்கினா போதும். இன்டர்வியூல என் நூறு பக்க டெசர்டேஷனை யாரும் தொடல, அந்த ரெண்டு பக்கத்தைத்தான் புரட்டினாங்க.

அப்புறம் தொடர்பு. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சோசியாலஜிஸ்ட் 1973ல எழுதின கட்டுரை இந்த விஷயத்துலயே இருக்கு: தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்கள்ல, அந்தத் தெரிஞ்சவரை அடிக்கடி பார்க்கறவங்க 16.7 சதவீதம்தான், எப்பவாவது பார்க்கறவங்க 55.6, அரிதா பார்க்கறவங்க 27.8. நெருங்கின ஃபிரெண்டுக்குத் தெரிஞ்ச வேலை உங்களுக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், தூரத்து ஆள்தான் புது சேதி கொண்டு வருவார். அந்த சதவீதமெல்லாம் வெறும் 54 பேரை வச்சுப் போட்ட கணக்குங்கறதையும் கவனிங்க, மெத்தட்ஸ் படிச்ச பிறகு இப்படித்தான் எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்க. ஆனா 2022ல லிங்க்ட்இன்ல 2 கோடி பேர்கிட்ட பரிசோதிச்சுப் பார்த்ததுலயும் ஓரளவு பலவீனமான தொடர்புகள்தான் வேலை மாத்த அதிகமா உதவுதுன்னு வந்துச்சு. அதனால ரெண்டு வருஷம் முன்னாடி படிச்ச சீனியர், இன்டர்ன்ஷிப்ல பார்த்த மேடம், இவங்களுக்கு மெசேஜ் போடக் கூச்சப்படாதீங்க. "வேலை இருக்கா"ன்னு கேக்காதீங்க, "உங்க வேலைல ஒரு நாள் எப்படிப் போகும், இருபது நிமிஷம் பேசலாமா"ன்னு கேளுங்க. பேட்டி எடுக்கத்தான் உங்களுக்குத் தெரியுமே.

படி 8: மேல படிக்கணுமா?

மாஸ்டர்ஸ், ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வந்து பண்ணினா எதைக் கத்துக்க வர்றோம்னு தெளிவா இருக்கும். மெத்தட்ஸ் அதிகமா இருக்கற கோர்ஸாப் பாருங்க. பிஎச்டிக்கு ஸ்டைபண்டோ ஸ்காலர்ஷிப்போ இல்லாம கைக்காசு போட்டுப் போக நான் சொல்ல மாட்டேன், நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை விட பிஎச்டி முடிக்கறவங்க எண்ணிக்கை பல நாடுகள்ல அதிகம். போறதா இருந்தா, உங்களுக்கு கைடா வரப்போறவர்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அவரோட இப்பத்திய மாணவர் ரெண்டு பேர்கிட்ட தனியா பேசுங்க. கைடு கமென்ட் போட்டு அத்தியாயத்தைத் திருப்பித் தர எத்தனை வாரம் ஆகுதுன்னு மட்டும் கேளுங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி அவங்க எவ்வளவு நேரம் யோசிக்கறாங்கன்னும் பாருங்க.